ஆகாயம் தந்ததா?

மலையே இல்லாத காட்டுமன்னார்கோயிலில், வீராணம் ஏரி நீரில் விளைந்த சோறுண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொல்லிமலை சென்றோம். ஆகாய கங்கை அருவி காண, 1,000-க்கும் மேற்பட்ட படிகளில் மரநிழலிலே இறங்கினோம்.

“வானுலகக் கங்கை!” எனக் கைகூப்பினார் உடன்வந்த பெரியவர். நாங்கள் நகைக்கவில்லை, ஏரிக்குப் புதுநீர் வந்தால் கும்பிட்டு வளர்ந்தவர்கள்தாமே நாங்களும்! பாதையோ வேறு பாடம் சொல்லிற்று. காலடியில் ஈரச் சருகு, வேரிடுக்கில் நீர்க்கசிவு. மழையை வாங்கி, மண்ணிலே தேக்கி, மெல்ல விடுகிறது காடு. அதுவே ஐயாறாகி, அருவியாய் வீழ்ந்து, காவிரியைச் சேர்கிறது. காவிரி நீரோ கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியே எங்கள் வீராணத்துக்கு வருகிறது.

2019 வறட்சியில் மழை வேண்டிக் கோயில்களில் வேள்வி வளர்த்தனர். எரிந்தது எது? மரம்! மழைநீரை மண்ணிலே நிறுத்துவது எது? அதே மரம்! தோழர்களே, கூப்பிய கரங்கள் பிரியட்டும், கன்று நடட்டும்!