மகன் கேட்ட றீல்

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமை இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மகன் பக்கத்தில் வந்து நின்று தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

"உம்மா, இந்த றீல் ஒண்டு வாங்கணும். ஒருக்கா வாங்கினா வாழ்நாளைக்கும் போதும்."

விலையைக் கேட்டேன். 145,000 ரூபா என்றான். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த மாதம் எனக்குச் சீட்டு விழ இருந்தது. அந்தக் காசு 150,000 ரூபா. அது அவனுக்கும் தெரியும்.

எங்கள் ஊர் மருதமுனை. நான் நெசவுக்காரி. எனது வாப்பா தோணிக்காரர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. அதில் எனது கணவரும் ஒருவர். அப்போது மகனுக்கு மூன்று வயது, மகள் கைக்குழந்தை. அதற்கு முன்பே 1990இல் வயலுக்குப் போன மூத்த காக்கா திரும்பி வரவில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களில் பலருக்கு இப்படியொரு கணக்கு இருக்கும். ஆகவே அதை நான் விரித்து எழுதவில்லை.

சீட்டுக் காசு மகளின் வீட்டுக்கென்று சேர்த்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. அது சரியா பிழையா என்பது வேறு கதை, இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. அந்தக் கூரைக் காசைத்தான் மகன் றீலுக்குக் கேட்டான். அவன் வாய் திறந்து "சீட்டுக் காசைத் தாங்க" என்று சொல்லவில்லை. ஆனால் வேறு காசு வீட்டில் இல்லை.

றீல் என்பது தூண்டில் தடியின் அடியில் பூட்டுகிற, நூல் சுற்றும் சின்ன இயந்திரம். கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் ஐந்தாறு சுற்றுச் சுற்றும். என் வாப்பாவுக்கு இதெல்லாம் இல்லை. ஒரு மரக்கட்டையில் தங்கூசியைச் சுற்றி வைத்திருப்பார். ஈயத்தைக் கட்டி, கையால் சுழற்றி எறிவார், கையாலேயே இழுப்பார். மீன் இழுத்த இடத்தில் அவரது சுட்டுவிரலில் தழும்பு கிடந்தது. யுத்த காலத்தில் கடலுக்குப் போக நேரம் குறித்திருந்தார்கள், சில நாட்களில் போகவே விடமாட்டார்கள். அந்த நாட்களிலெல்லாம் அந்த மரக்கட்டைதான் கரையில் நின்று எங்களுக்குக் கறிக்கு மீன் தந்தது. அதன் விலை என்னவென்று யாரும் கேட்டதில்லை.

மகன் முதலில் கரைவலைக்குக் கூலிக்குப் போனவன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதே, நினைவிருக்கும். தோணிகள் கரையில் கிடந்தன, கூலியும் குறைந்தது. அப்போதுதான் ஒரு கூட்டாளியிடம் பழைய தடியொன்றை வாங்கிக்கொண்டு தூண்டிலுக்குப் போகத் தொடங்கினான். சுபஹுக்கு முன்பே எழும்பிப் போவான். சில நாள் எங்கள் கரையில், சில நாள் வடக்கே கல்லாற்றுப் பக்கம், சில நாள் கூட்டாளிகளோடு ஒலுவில் துறைமுகக் கல்லணைப் பக்கம். பாரை, சீலா, ஆற்று வாயில் கொடுவா. மூன்று நான்கு கிலோப் பாரை ஒன்று பட்டால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நல்ல சாமானுக்குக் காசு கொடுப்பதை வீண்செலவு என்று சொல்பவள் அல்ல நான். தறியில் மட்டமான அச்சுப் போட்டால் அது நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். அறுந்த நூலை முடிந்து முடிந்தே பொழுது போய்விடும். தார் சுற்றும் ராட்டையின் கதிர் கொஞ்சம் கோணினாலும் நூல் ஒரு பக்கம் குவிந்து, நெய்யும்போது சிக்கும். மலிவு வாங்கி அழுதவள் நான். சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் எனக்குத் தையல் இயந்திரம் தந்தது. நெசவுக்காரிக்கு எதற்குத் தையல் இயந்திரம் என்று யாரும் கேட்கவில்லை. விதவைக்குத் தையல் இயந்திரம், அவ்வளவுதான் அவர்களது கணக்கு. அதைப் பக்கத்து வீட்டுக்கு விற்றுத்தான் நூல் வாங்கினேன். பொருள் நல்லதா என்பது ஒரு கேள்வி, அது இந்த வீட்டுக்குத் தேவையா என்பது வேறொரு கேள்வி என்று அப்போதே படித்துக்கொண்டேன்.

ஆகவே மகனிடம் உடனே "இல்லை" என்று சொல்லவில்லை. "மனே, இந்தச் சாமானுக்குள்ள என்ன கிடக்கு எண்டு எனக்குக் காட்டு" என்றேன்.

அவன் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு வாங்கிப் பழுதாகிப் போன றீலை எடுத்துவந்து, பாயில் பழைய துணியை விரித்துத் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே ஒரு பெரிய பல்லுச்சக்கரம், அதில் கொளுவி ஓடுகிற சின்னச் சக்கரம். பெரிய சக்கரத்தின் பற்கள் தேய்ந்து மழுங்கிக் கிடந்தன. மலிவான றீல்களில் இந்தச் சக்கரத்தை மென்மையான கலப்பு உலோகத்தில் வார்த்துவிடுவார்களாம். விலை கூடியதில் பித்தளை, அலுமினியம் போன்றவற்றில் கடைந்து எடுப்பார்கள். உருளும் குண்டுகளில் துரு ஏறியிருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போன வழி அது. நல்ல றீல்களில் தண்ணீர் புகாமல் றப்பர் வளையம் போட்டு அடைத்திருப்பார்கள்.

மற்றது பிறேக். பொடியனுகள் அதை டிறாக் என்கிறார்கள். நூல் சுற்றியிருக்கும் உருளைக்குள் வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். பெரிய மீன் இழுத்தால் அந்தத் தகடுகள் வழுக்கி நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். விடாவிட்டால் நூல் அறும், அளவுக்கு மேல் விட்டால் மீன் கல்லுக்குள் போய்விடும். 12 கிலோ தாங்கும் நூலென்றால் பிறேக் மூன்று நான்கு கிலோ இழுவையில் விடும்படி வைக்க வேண்டும் என்று மகன் சொன்னான். மலிவான றீலில் அது விட்டு விட்டுப் பிடிக்கும். வாப்பாவின் சுட்டுவிரல் செய்த வேலையைத்தான் இந்தத் தகடுகள் செய்கின்றன என்று எனக்கு விளங்கியது.

பெயர்பெற்ற கம்பனிகளின் கதைகளையும் அவன் சொன்னான். ஜப்பானில் சக்காய் நகரத்தில் 1921இல் தொடங்கிய ஷிமானோ முதலில் செய்தது சைக்கிளின் பிறீவீல். றீல் பிறகுதான் வந்தது. அமெரிக்காவின் பென் 1932இலிருந்து றீல் செய்கிறது. இவர்களிடம் ஒரே பெயரில் சில ஆயிரத்துக்கும் றீல் இருக்கிறது, சில லட்சத்துக்கும் இருக்கிறது. பெயரைப் பார்த்து மட்டும் வாங்க முடியாது. அதோடு 2022இல் டொலர் 200 ரூபாவளவில் இருந்து 360 ரூபாவளவுக்குப் போனதில் இறக்குமதிச் சாமான்களின் விலையெல்லாம் ஏறிவிட்டது.

எல்லாம் கேட்ட பிறகு, அவன் சொல்வதில் பொய் இல்லை என்று தெரிந்தது. அந்த றீல் நல்ல சாமான்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த நேரத்தில் இன்னொரு யோசனையும் வீட்டுக்கு வந்தது. குழுக் கடன் எடுத்தால் றீலும் வாங்கலாம், கூரையும் போடலாம், மகனின் கூட்டாளி ஒருவன் சொல்லிவிட்டான். கடன் எப்போதும் பெண்ணின் பெயரில்தானே. பாண்டிருப்பிலிருந்து எங்கள் கரைக்கு மீன் எடுக்க வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். தம்பியின் இயந்திரத்துக்கென்று தன் பெயரில் நுண்கடன் எடுத்தார். இயந்திரம் பழுதாகி நின்ற பிறகும் கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் வாசலில் வந்து நின்றார். அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் எடுத்தார். தோடு போனது, மகளின் படிப்பும் நின்றது. நான் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தங்கச்சி, கடலுக்குப் போறது அவன், கையெழுத்து என்ர" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கடன் பேச்சை அன்றோடு வீட்டில் நிறுத்திவிட்டேன்.

மகனிடம் மூன்று மாதம் தவணை கேட்டேன். ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, "போற நாளெல்லாம் எழுது. பட்டது, வித்தது, செலவு, தவறிப்போனது. தவறிப்போனது ஏன் எண்டும் எழுது" என்றேன். முகத்தைச் சுளித்தான். ஆனாலும் எழுதினான். சில நாட்கள் அவன் மறந்தபோது மகள் கேட்டு எழுதினாள்.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் கடல் அமைதியான காலம். 41 நாட்கள் போயிருந்தான். 17 நாட்கள் வெறுங்கையோடு வந்திருந்தான். மீன் விற்ற காசு 61,400 ரூபா. பெற்றோல், நூல், முள், போலி மீன் எல்லாம் சேர்த்துச் செலவு 23,850. மிச்சம் 37,550 ரூபா. கறிக்கு எடுத்த மீன் இதில் இல்லை. வாடைக் காலம் வந்தால் பல நாட்கள் கரையில் நிற்கவே முடியாது என்பதையும் யோசிக்க வேண்டும். அவன் கேட்ட றீலின் விலையை அந்த றீலே உழைத்துத் தருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் செல்லும். அதுவும் ஒரு சதமும் வீட்டுக்கு எடுக்காமல் விட்டால்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. பெரிய மீன் ஒன்பது தவறியிருந்தன. ஐந்து, நூல் கல்லில் உரசி அறுந்தவை. இரண்டு, முள் நிமிர்ந்து போனவை. றீல் பிறேக் பிடித்துக்கொண்டதால் போனவை இரண்டுதான். அவனே எழுதியது என்பதால் அவனால் மறுக்க முடியவில்லை. நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப முதல்ல நூலையும் முள்ளையும் மாத்தணும் போல" என்றான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த மூன்று மாதத்தில் பல இரவுகள் 145,000 ரூபாவைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். றீலுக்காக அல்ல. தூண்டில் போடுகிறவன் கரையில் நிற்பான். படகில் ஏறமாட்டான். ஆழ்கடலுக்குப் போய்க் கிழமைக்கணக்கில் தகவலில்லாமல் இருக்கமாட்டான், வெளிநாட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லமாட்டான். அவனது காலைக் கரையில் கட்டிப்போட அந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகளின் கூரையைக் கூட ஒரு கணம் மறந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. 2004இல் என் கணவரும் கடலுக்குள் இருக்கவில்லை, கரையில்தான் நின்றார். மகன் கல்லணையில் அலை அடிக்கும்போது எங்கே நிற்கிறான் என்பதை எந்த றீலும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

மகளிடமும் கேட்டேன். அவளது காசு அல்லவா. "காக்காவுக்கு நல்லது ஒண்டு வாங்கிக் குடுங்க உம்மா, ஆனா எண்ட கூரையில கைவைக்காதீங்க" என்றாள். தீர்ப்பு அவள்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 38,000 ரூபாவுக்கு ஒரு நடுத்தர றீல் வாங்கினோம். உப்புத் தண்ணீருக்கென்று அடைப்புப் போட்டது, பிறேக் தகடும் நல்லது. பழுதானால் தகடும் வளையமும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டு, கிடைக்கும் என்று காட்டிய பிறகுதான் காசை எண்ணிக் கொடுத்தேன். உள்ளுறுப்புக் கிடைக்காத சாமான் எவ்வளவு உயர்ந்ததென்றாலும் எங்களுக்கு ஒரு பருவம்தான். என் நெசவுக் கூலியில் 15,000 போட்டேன், மிச்சம் அவனது மீன் காசு. கல்லில் உரசினாலும் தாங்குகிற தடித்த முன்நூலும் நல்ல முள்ளும் அதன்பின் வாங்கினான். சீட்டுக் காசு கூரைக்குப் போனது. ஓடு போட்ட அன்றைக்கு அவனும் ஏறி நின்று வேலை செய்தான்.

றீலைப் பராமரிப்பது இப்போது என் வேலையாகிவிட்டது. அவன் கடலால் வந்ததும் பிறேக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுவேன். வேகமாகப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும். துடைத்து நிழலில் காயவிட்டு, பிறேக்கைத் தளர்த்தி வைப்பேன். இறுக்கியபடி வைத்தால் தகடுகள் அமுங்கிப் போகும். மணலில் வைத்துவிட்டு வந்தானென்றால் ஏச்சு வாங்குவான். முன்பு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா றீல் மூன்று பழுதானதில் பாதிப் பிழை கழுவாததுதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறான்.

கொப்பியை நிறுத்தவில்லை. இரண்டாவது கொப்பி ஓடுகிறது. போன கிழமை ஒலுவிலில் ஒரு படகுக்காரர் ஆள் தேவை என்று கூப்பிட்டதாக மகன் சொன்னான். றீலைத் துடைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதையும் எழுது மனே. எத்தனை நாள், எவ்வளவு கூலி, படகில உயிர்காப்பு அங்கி இருக்கா. எழுதிக்கொண்டு வா, பிறகு கதைப்பம்" என்றேன்.