ருத்ராட்சத்தின் தங்கச்சியும் ஒரு பிடி பாசியும்

கொடைக்கானல்ல ஏரி, தூண் பாறை, குணா குகை எல்லாம் பார்த்து முடிச்சாச்சா? அப்படியே பாம்பே சோலைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க.

ரோட்டோரம் நின்றாலே போதும். மரமெல்லாம் பச்சை ஸ்வெட்டர் போட்ட மாதிரி பாசி! ஹாஸ்டல் ஜன்னலில் வைக்கலாமேன்னு நானும் ஒரு பிடி பிய்த்தேன். டீக்கடை அண்ணன் கேட்டார்: "மரத்துல இருந்து கிளையை ஒடிச்சிருப்பியா தம்பி?"

ஒடிச்சிருக்க மாட்டேன். அங்கேதான் விஷயமே!

இதே சோலையில் ஒரு அபூர்வ மரம் உண்டு. பெயர் எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோய். ருத்ராட்ச மரத்தின் இனம். நுனியைக் கத்தரித்த மாதிரி பூவிதழ். 1970-களின் தொடக்கத்தில் பெயர் வைத்தார்கள். அப்புறம் ஆளையே காணோம். அழிஞ்சே போச்சுன்னு நினைத்தபோது, வட்டக்கானலில் வாழ்ந்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார்கள். விதை எடுத்துக் கன்றும் வளர்த்தார்கள். ஒத்தை மரம் என்றாலும், அதைத் தேட ஆள் இருந்தது.

பாசிக்கு? செண்பகனூரில் இருந்த ஜெசூட் பாதிரியார் ஃபோரோ, பழனிமலைப் பாசிகளைப் பட்டியல் போட்டார். அது 1961-ல் வெளியானது. ஆனா பாசியைத் தேடி இங்கே வர்ற டூரிஸ்ட் யாரு?

பாசிக்குப் பூ இல்லை, விதை இல்லை, உண்மையான வேரும் இல்லை. இலையாலேயே பனியைக் குடிக்கும். குழாயே இல்லாத தண்ணீர்த் தொட்டி! இனம் பெருகவும் ஈரம் வேணும். ஆண் அணு நீந்தித்தான் பெண் அணுவைச் சேர முடியும். மரத்தையாவது நர்சரியில் வளர்த்து நடலாம். இந்தப் பாசியைக் காப்பாத்தணும்னா மரப்பட்டை, நிழல், மூடுபனி எல்லாமே வேணும். சுருக்கமா, சோலை மொத்தமும் வேணும். அந்தச் சோலைகளைத்தான் சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள் சுருக்கிவிட்டன. மிச்சத்தில் அலங்காரத்துக்குன்னு பிய்க்கிறவங்க நம்மள மாதிரி ஆளுங்க.

மரம் விழுந்தால் சத்தம் கேட்கும். பாசி போனால் கேட்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹாஸ்டல் ஜன்னலில் அந்த ஒரு பிடி, சில நாளில் தேங்காய் நாராட்டம் ஆயிடுச்சு. தண்ணி தெளிச்சேன். லேசாப் பச்சை காட்டுச்சு, மறுபடி காஞ்சிடுச்சு. பனிக்கு நான் எங்கே போவேன்?

நீங்க போனா தொட்டுப் பாருங்க. விரல் நனையும். அந்த ஈரத்தை மட்டும் எடுத்துட்டு வாங்க, ப்ளீஸ்!