மீனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

திருவண்ணாமலையில் மலை இருக்கிறது; கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம் இருக்கிறது; சமுத்திரம் மட்டும் இல்லை. புதுச்சேரிக் கடற்கரைக்கே 100 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்படியிருந்தும், பவளப்பாறை மீன்களைக் கூடத்தில் வளர்த்தே தீர வேண்டுமென்று நம் வீட்டுக் குழந்தைகள் பிடிவாதம் செய்தார்கள். நாமும் சம்மதித்தோம்.

விசாரித்ததில், கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதே சுலபமென்று தோன்றிற்று. சிங்க மீன் அழகுதான். ஆனால் வாய்க்குள் அடங்கும் தோழர்களையெல்லாம் விழுங்கிவிடும். கிளாத்தி மீன் நண்டையும் இறாலையும் விட்டு வைக்காது. டாம்செல் மீன் விரலளவே இருந்தாலும், முதலில் குடியேறிவிட்டால் பின்னால் வருகிறவர்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ஆகவே சாதுவை முதலிலும் முரடனைக் கடைசியிலும் விட வேண்டும் என்பது சாஸ்திரம்.

நம் கடைக்குட்டி ஆசைப்பட்டதோ வண்ணத்துப்பூச்சி மீனுக்கு. அதன் இனத்தில் பலவற்றுக்கு உயிருள்ள பவளமே ஆகாரம். பவளத்துக்கு எங்கே போவது? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 2001 முதல் கடலிலிருந்து பவளத்தைப் பறிப்பது குற்றம். காரணமில்லாமல் வந்த தடையல்ல அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 தீவுகள் நீரில் மூழ்கியதற்கு, பவளக்கல்லை வெட்டியெடுத்ததே முக்கிய காரணமென்கிறார்கள். நம் கூடத்தின் அலங்காரத்துக்காக ஒரு ஜீவனைப் பட்டினி போடுவது தர்மமா? குழந்தை அழுதாள்; நாம் இணங்கவில்லை.

கடைசியில் தேர்ந்தது ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் கடல் சாமந்தியை அண்டி வாழும் இவை, தொட்டியில் அது இல்லாமலும் பிழைக்கும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்கிறார்கள். அவ்விதம் பிறந்த மீனை வாங்கினால் கடலுக்கு நஷ்டமில்லை.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கலந்த நீரில், கழிவின் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும் வரை சில வாரங்கள் காத்திருந்தோம். பிறகே மீன்கள் வந்தன. ஜோடியில் பெரியது பெண். அது இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடுமாம். இதைக் கேட்ட அத்தை, "குடும்பத்துக்கு யார் தலை என்பது அதுகளுக்காவது தெரிகிறதே!" என்றாள்.

தொட்டியில் இன்னும் இடமிருக்கிறது. மூன்றாவது மீனுக்கு அவசரமில்லை.