ஆறு நூல் போல்ட்டும் இருபது எம்எம் நட்டும்



தை பிறந்து பத்து நாள்கள் ஆகியிருக்கும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன் நெல் மூட்டைகளை ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் காலம். எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தம்முடைய அரிசி ஆலையில் புதிய கொதிகலன் ஒன்றை நிறுவியிருந்தார். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, புழுங்கலரிசியாக்கும் ஆலை அது. உமியே எரிபொருள். கொதிகலனை முதன்முதலாக முழு அழுத்தத்தில் இயக்கும் நாளில் நான் வந்து ஜெபிக்க வேண்டும் என்று குடும்பமாக வந்து அழைத்திருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. கேசரியின் நெய் மணம் வாசல்வரை வந்தது. உறவினர்களும், நெல் கொடுக்கும் விவசாயிகளும், வங்கி அலுவலர் ஒருவரும் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ஜெபத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தபடியால், கொதிகலன் கூடத்தைப் பார்த்துவரலாம் என்று உள்ளே சென்றேன்.

ஊழியத்துக்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் நான் குழாய்ப் பொருத்துநராக வேலை பார்த்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அந்தப் பழக்கம் போகவில்லை. பிறர் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரிலுள்ள படத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. என் கண் குழாய்க்குத்தான் போகும்.

கொதிகலனிலிருந்து புறப்படும் பிரதான ஆவிக்குழாய் நான்கு அங்குலம். முதல் வால்வின் இருபுறமும் ஃபிளேஞ்ச். ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்டட். அவற்றில் ஒரு ஃபிளேஞ்சில் நான்கு நட்டுகள் மற்றவற்றைவிடச் சற்றுச் சிறியவையாகத் தெரிந்தன. அருகே போய்ப் பார்த்தேன். பெரிய நட்டுகளின் முகத்தில் 2எச் என்ற முத்திரை இருந்தது. சிறியவற்றில் அது இல்லை.

உதவியாளராக இருந்த இளைஞனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபது வயதுகூட இருக்காது. "ரெண்டு நாளைக்கு முன்னாடி வால்வை மாத்தினோம் ஐயா. கழட்டி வெச்சதுல நாலு நட்டு காணாமப் போச்சு. கடையில இருபது எம்எம் நட்டு வாங்கி வந்து போட்டேன். கையாலேயே சுத்திச்சு, அவ்வளவு சுலபமா ஏறிச்சு" என்றான். கடையில் வாங்கியதில் ஒன்று மீதியிருந்தது. மேசை மேல் கூடுதல் ஸ்டட் ஒன்றும் கிடந்தது. அந்த நட்டை அதில் ஏற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. நிறுத்தி ஆட்டினால் கலகலவென்று ஆடியது.

ஸ்டட் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். நம் பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். நட்டோ 20 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கானது. முக்கால் அங்குல மரையில் ஓர் அங்குலத்துக்குப் பத்துச் சுற்று, எனவே ஒரு சுற்றுக்கு 2.54 மில்லிமீட்டர். இருபது எம்எம் மரையில் ஒரு சுற்றுக்கு 2.5 மில்லிமீட்டர். சுற்றின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் நட்டு எங்கும் சிக்காமல் ஏறிவிடும். ஆனால் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேறுபடுவதால், மரையின் பற்கள் ஒன்றையொன்று நுனியில் மட்டுமே பற்றிக்கொள்ளும். மற்ற பல அளவுகளில் தவறான நட்டு இரண்டு சுற்றிலேயே முறண்டு பிடித்து, 'நான் உனக்குரியவன் அல்ல' என்று சொல்லிவிடும். இந்த ஜோடி அப்படிச் சொல்லாது. இதற்காகவே எங்கள் பழைய மேஸ்திரி அங்குல நட்டுகளையும் மில்லிமீட்டர் நட்டுகளையும் ஒரே அறையில் வைக்க விடமாட்டார்.

ஃபிளேஞ்ச் இணைப்பில் போல்ட் செய்யும் வேலையைப் பலர் ஆணியின் வேலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரு வில். இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த இழுவிசையே இரு ஃபிளேஞ்சுகளையும் நெருக்கி, நடுவிலுள்ள கேஸ்கட்டை நசுக்கிப் பிடிக்கிறது. பத்துக் கிலோ அழுத்தத்தில் ஆவியின் வெப்பம் சுமார் 184 டிகிரி. அந்த நான்கு அங்குல இணைப்பைப் பிரித்துத் தள்ள ஆவி கொடுக்கும் விசை சுமார் 1400 கிலோ. எட்டு ஸ்டட்டுகளுக்கு அது பெரிய சுமையன்று. ஆனால் கேஸ்கட் கசியாமலிருக்க ஒவ்வொரு ஸ்டட்டும் பல டன் இழுவிசையோடு நிற்கவேண்டும். பற்களின் நுனியில் தொங்கும் நட்டு அதைத் தாங்காது. தாங்குவதுபோலச் சிலநாள் இருக்கும். காலையில் சூடேறி இரவில் குளிரும் ஆலைக் குழாயில், ஒரு நாள் அது உரிந்துகொண்டு வெளியே வரும். ஒன்று போனால் அதன் சுமை பக்கத்திலிருப்பவற்றின் மேல் விழும்.

வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த இரண்டு நிமிடங்களில் என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பேசாமல் ஜெபித்துவிட்டுப் போய்விடலாம், மாலையில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. விருந்தினர் முன் அவரைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை. நான் அந்தத் தொழிலை விட்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பொறியாளர்கள் பார்த்ததை நான் ஏன் குடைய வேண்டும் என்றும் எண்ணினேன். பிறகு, வேறொரு கை நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டு. கடலோரத்தில் ஒரு தொழிற்சாலை. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் இடம். ஓர் ஆவிக்குழாயின் ஸ்டட்டுகள் துருவேறிப் போயிருந்ததால், கிடங்கிலிருந்து பளபளவென்ற எவர்சில்வர் ஸ்டட்டுகளை நானே தேர்ந்தெடுத்துப் போட்டேன். விலை அதிகம், துரு பிடிக்காது, ஆகவே அதுவே உயர்ந்தது என்பது என் கணக்கு. அந்த இடத்துக்குரியது பி7 என்ற குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகு. அது நிரந்தரமாக நீண்டுபோகாமல் 720 மெகாபாஸ்கல் வரை தாங்கும். நான் போட்டது பி8 வகையின் முதல் தரம். அது 205 மட்டுமே தாங்கும். தவிர, சூடேறும்போது எவர்சில்வர் சாதாரண எஃகைவிட அதிகமாக விரியும். ஃபிளேஞ்ச் கொஞ்சம் விரிய, ஸ்டட் அதைவிட அதிகமாக நீள, இறுக்கம் தளர்ந்துபோகும். மூன்றாம் வாரம் இரவுப்பணியில் கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற உதவியாளரின் வலதுகை முழங்கைவரை வெந்துபோனது. விசாரணையில் கேஸ்கட்டின் மேல் பழி போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். விரல்களை முழுவதும் மடக்க அவரால் முடியாது. எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அந்தக் கையால்.

வெளியே வந்து ஆலை உரிமையாளரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "தண்ணி விட்டுப் பார்த்தாங்க, ஒரு சொட்டு ஒழுகல ஐயா. சர்டிஃபிகேட்டே வந்தாச்சு" என்றார். அந்தச் சோதனை வால்வை மாற்றுவதற்கு முன் நடந்தது என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்க ஜெபிக்க வந்தீங்களா, செக்கிங் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டதுதான், ஆனால் நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. "நட்டை மாத்தாம நெருப்பைக் கூட்டினா நான் ஜெபிக்க மாட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அப்படிப் பேச எனக்கு அதிகாரம் உண்டா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அவருடைய மனைவிதான் முடிவெடுத்தார். கேசரியைப் பரிமாறச் சொல்லிவிட்டு, கொதிகலன் இன்று ஓடாது என்று விருந்தினரிடம் அறிவித்தார்.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காமிலிருந்து மலாகா நோக்கிப் புறப்பட்டது. பதினேழாயிரம் அடிக்கு மேல் ஏறியபோது விமானியின் முன்பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது. தலைமை விமானி பாதி உடல் வெளியே தொங்க, சக ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள். முந்தைய நாள் பணிமுறையில்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. மீதி ஆறு நீளம் குறைந்தவை. விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். மாற்றியவர் அனுபவமுள்ள மேற்பார்வையாளர். அட்டவணையைப் பார்க்காமல், மங்கிய வெளிச்சத்தில் பழைய போல்ட்டோடு வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தார். இதை வாசிக்கும்போதெல்லாம் அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வேறு ஏதோ வருகிறது.

சென்னை பாரிமுனையிலிருந்து சரியான நட்டுகள் பேருந்தில் வந்து சேர மறுநாள் பிற்பகல் ஆயிற்று. ஸ்டட்டுகளையும் மாற்றிவிடச் சொல்லியிருந்தேன். இழுபட்ட மரையை மறுபடி நம்பக்கூடாது. காத்திருந்த நேரத்தில் அந்த இளைஞனும் நானும் ஆலை வாசலில் அமர்ந்து ராஜகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் செஞ்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றை அவனும் கேட்டான்: அந்தக் காலத்தில் தண்ணீரை எப்படிக் கொண்டுபோனார்கள்? கல்யாண மகாலுக்கு மண்குழாய்களில் நீர் வந்ததைச் சொன்னேன். "அதுக்கு போல்ட் இல்லையே?" என்றான். ஆவி இல்லையே என்றேன்.

பழைய நான்கு நட்டுகளைக் கழற்றியபோது இரண்டில் மரைக்குள்ளிருந்து தலைமயிர் போன்ற இரும்புச் சுருள்கள் உதிர்ந்தன. உரிமையாளர் அவற்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

புதிய ஸ்டட்டுகளின் நுனியில் பி7 முத்திரை இருக்கிறதா என்று இளைஞனையே ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். மரைக்குக் கிரீஸ் தடவினோம். தடவாவிட்டால் ஸ்பேனரில் போடும் பலத்தில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். கை வலிக்கும், ஸ்டட் நீளாது. ஃபிளேஞ்சைச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை சாக்பீஸால் எண்ணிட்டு, ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு என்று குறுக்காக இறுக்கினோம். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் மூன்றில் இரண்டு, பிறகு முழு இறுக்கம். கடைசியாக வரிசையாக ஒரு முறை. ஒரு பக்கத்தை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டால் கேஸ்கட் ஒருக்களித்து நசுங்கிவிடும். ஒவ்வொரு நட்டுக்கு வெளியேயும் இரண்டு மரையாவது தெரிகிறதா என்று அவன் விரலால் தடவிப் பார்த்தான். தண்ணீர் அழுத்தம் கொடுத்து மறுபடியும் சோதித்தார்கள்.

மாலை ஆறரைக்கு உமியைப் போட்டார்கள். அழுத்தமானியின் முள் மெதுவாக ஏறிப் பத்தைத் தொட்டது. நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம். சுருக்கமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்திறந்தபோது, அந்த இளைஞன் வால்வைப் பார்த்தபடியே நின்றிருந்தான். அவன் கண்ணை மூடவேயில்லை என்று நினைக்கிறேன். கேசரி முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. உரிமையாளரின் மனைவி எனக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்திருந்தார்.