நிலக்கிளியின் ஊரில் ஒரு பகல்

முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்றைத் தாண்டிப் போனால் குமுழமுனை. அதற்கும் அப்பால், குளமும் காடும் சேருமிடத்தில் தண்ணிமுறிப்பு. வாசிப்புப் பழக்கமுள்ள பலருக்கு அந்த ஊர் போய்ப் பாராமலே தெரிந்த ஊர். அ. பாலமனோகரன் எழுதி 1973ஆம் ஆண்டு வீரகேசரி வெளியீடாக வந்த 'நிலக்கிளி' நாவலின் களம் அதுதான். இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற நாவல். ஆசிரியர் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். பின்னர் டென்மார்க்குக்குப் புலம்பெயர்ந்தார்.

கதை சிக்கலானதல்ல. காடும் வயலும் வேட்டையுமாக வளர்ந்த கதிராமன், தாயில்லாத பதஞ்சலி, வெளியூரிலிருந்து வந்து சேரும் ஒரு வாத்தியார். அந்தப் பெண்ணின் மனத்தைச் சொல்வதற்கு ஆசிரியர் வேறெங்கும் தேடவில்லை. உயரப் பறக்கத் தெரியாத ஒரு சிறு பறவையை ஊரிலிருந்தே எடுத்து நாவலுக்குப் பெயராகவும் வைத்துவிட்டார். காட்டைத் தூர நின்று பார்த்தவருக்கு இந்தப் பெயர் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம்.

நானும் சிறுகதை எழுதுகிறவள். அதனால்தான் அந்தப் பக்கம் போய்வர ஆசைப்பட்டேன். குமுழமுனையில் எனக்குத் தெரிந்தவர்கள் ஓர் ஆச்சியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். பேத்தியோடு இருக்கிறார். தண்ணிமுறிப்பில் பிள்ளைப்பேறு கண்டவர். 1984ஆம் ஆண்டின் இறுதியில் தண்ணிமுறிப்பு, கொக்குளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கத்துத் தமிழ்ச் சனம் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தபோது அவரும் வெளிக்கிட்டார். அதற்குப் பிறகு எத்தனை இடம், எத்தனை கொட்டில் என்று நான் கேட்கவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

"நிலக்கிளியோ? அது உயரப் பறக்காது பிள்ளை. பதிஞ்சு பதிஞ்சுதான் போகும். சின்னப் பொடியளே பிடிச்சுப் போடுவாங்கள்" என்றார்.

"உங்களிட்டை எத்தினை மாடு நிண்டது ஆச்சி?"

"எண்ணிக்கை ஞாபகமில்லை. பேர் ஞாபகமிருக்கு."

வெள்ளச்சி, செங்காரி, கூனிக்கொம்பி, நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி என்று சொல்லிக்கொண்டே போனார். எந்த மாடு யாரைக் கறக்க விடும், எது பட்டிக்குள் கடைசியாக வரும், எது மழைக்கு முன்னமே காட்டிலிருந்து திரும்பிவிடும் என்பதெல்லாம் பேரோடு சேர்ந்தே வந்தது. ஒரு கதாபாத்திரத்தை உருவாக்க நாங்கள் எவ்வளவு மினக்கெடுகிறோம்! ஆச்சி ஒரு மாட்டுக்கு இரண்டு வசனம்தான் செலவழித்தார். மாடு எழுந்து நின்றது.

விடியப் பால் கறப்பதற்காகக் கன்றுகளை இரவில் தாயிடமிருந்து பிரித்துக் கட்டுவது வழக்கம். வெளிக்கிட்ட அன்று ஆச்சி கடைசியாகச் செய்த வேலை, கன்றுகளை அவிழ்த்து விட்டதுதான்.

"சட்டி பானை எடுக்கேல்லை. கண்டுகளை அவிட்டு விட்டிட்டன். இல்லாட்டில் தாய்மாடுகள் மடி கட்டிச் செத்திருக்கும். பிறகு எல்லாம் காட்டுக்கை போய்க் குழுமாடாப் போயிருக்கும்."

குழுமாடு என்றால் யாருக்கும் அடங்காமல் காட்டில் திரியும் மாடு. வன்னியின் பழைய கூத்திலும் பாட்டிலும் வேட்டைக் கதையிலும் அது வரும். வளர்த்த மாடு குழுமாடாக மாறிய கதையை, அதைக் கட்டி வளர்த்த பெண்ணின் வாயால் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பின்னேரம் பேத்தியோடு வயல்கரைக்குப் போனேன். ஓர் ஆட்காட்டி எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. அது மரத்தில் கூடு கட்டாது. வெட்டைத் தரையில், சிறு கற்களுக்கு நடுவில் முட்டையிடும். மறைக்க ஒன்றுமில்லாதபடியால் கத்துவதுதான் அதற்குள்ள காவல். ஆள் கிட்டப்போனால் முட்டை இல்லாத பக்கமாகப் பறந்து, இன்னும் பலமாகக் கத்தி, எங்களை அந்தப் பக்கம் இழுக்கும். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த கதையில் ஒரு தாய் வருவாள். படலையடிக்கு வருகிற எல்லோருடனும் சண்டை பிடிப்பாள். அவள் ஏன் அப்படி என்று எனக்கே பிடிபடாமல் இருந்தது. வயல் வரம்பில் நின்றபோது பிடிபட்டது.

இந்த மண்ணில் மிருகத்தோடு சேர்ந்த பெண் கதை புதிதல்ல. குமுழமுனைப் பக்கத்தில் அரியாத்தையின் கதையை இன்றும் சொல்லுவார்கள். வேலப்பணிக்கனின் மனைவி. ஆண்கள் தயங்கி நின்ற கொம்பன் யானையைத் தனியே போய் அடக்கியவள். பொறாமைப்பட்டவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்பது கதை. அவள் பேரில் ஓர் ஒப்பாரிப் பாடலே உண்டு. யானையை வென்றவளை வெற்றிலை கொன்றதை எத்தனை தலைமுறைப் பெண்கள் சொல்லி அழுதிருப்பார்கள்! ஆச்சி அதைச் சொல்லும்போது அழவில்லை. "அவளுக்கு யானையின்ரை குணம் தெரிஞ்சிருந்தது. மனிசற்றை குணம் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னார். எழுத்தாளர் யார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேத்தி உயர்தரம் படிக்கிறாள். 'நிலக்கிளி'யை அவள் வாசித்ததில்லை. நூலகம் இணையத்தளத்தில் அதை இலவசமாக வாசிக்கலாம் என்று சொன்னதும் கைத்தொலைபேசியில் தேடி எடுத்துவிட்டாள். ஆச்சிக்குக் கண் தெளிவில்லை; ஆகவே இவள் உரத்து வாசித்தாள். ஒரு மரத்தின் பேர் வந்தாலும், ஒரு மிருகத்தின் பேர் வந்தாலும் ஆச்சி கையைக் காட்டி நிறுத்துவார். அந்த மரம் தங்கள் வளவில் எந்த மூலையில் நின்றது, அதன் கீழே எந்த மாடு படுத்திருக்கும் என்று சொல்லி முடித்த பிறகுதான் மேலே வாசிக்க விடுவார். கொஞ்ச நேரத்தில் பேத்தி ஒரு கொப்பியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

முதல் அத்தியாயம் முடிவதற்குள் விளக்குப் போட வேண்டி வந்துவிட்டது.