குறிஞ்சிப்பாடியில் மூன்று காமிராக்கள்

"குறிஞ்சி" என்ற பெயரைக் கேட்டு மலையையும் அருவியையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையிலுள்ள குறிஞ்சிப்பாடியைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் சமபூமி. மேற்கே, 1957-ம் வருஷம் வெட்டத் தொடங்கிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேடுகளைத்தான் மலை என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் மூவர் போனோம். ஆளுக்கொரு டிஜிட்டல் காமிரா. எது உயர்ந்தது என்ற தர்க்கம் ரயிலிலேயே மூண்டுவிட்டது. ஒரு சிநேகிதரிடம் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய காமிரா. இன்னொருவர் கையில், 2018-ல் வெளிவந்த நிகான் பி1000. தூரத்துப் பொருளை 125 மடங்கு வரை அருகில் இழுக்கும் யந்திரம். என்னிடம் இருந்தது செல்போன் மட்டுமே என்பதால் நான் அடக்கமாகவே பேசினேன்.

காலையில் பெருமாள் ஏரிக்குப் போனோம். பரவனாற்றின் நீரைப் பெறும் அந்த விசாலமான ஏரியில், வெகு தொலைவில் ஒரு நாரை தவம் செய்துகொண்டிருந்தது. என் செல்போனில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிய காமிராக்காரர் கொண்டு வந்திருந்த லென்ஸிலோ சற்றே பெரிய வெள்ளைப் புள்ளி. பி1000-ல் நாரையின் கண்ணே தெரிந்தது! அதன் சொந்தக்காரரைப் பிறகு மத்தியானம் வரை பிடிக்க முடியவில்லை.

அவருடைய கர்வம் நெசவாளர் வீதியில் அடங்கியது. கைத்தறிக்கும் கைலிக்கும் பேர்போன ஊரல்லவா? ஒரு வீட்டின் இருண்ட கூடத்தில் குழித்தறியில் ஒரு பெரியவர் நெய்துகொண்டிருந்தார். "தை மாதத்தோடு தறியைப் பிரித்துவிடுகிறோம், ஐயா. சூரத்தில் இருக்கிற என் பெண் இந்தத் தறியடியில்தான் வளர்ந்தாள். அவளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும்" என்றார்.

பி1000 அங்கே பரிதாபமாக விழித்தது. அதன் ஒளியுணரி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இருட்டில் படம் முழுதும் புள்ளி புள்ளியாகிவிட்டது. செல்போனோ பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாக்கி வெளிச்சம் காட்டும் வித்தையைச் செய்தது. பெரியவரின் முகம் தெளிவாக விழுந்தது. ஆனால் ஓடுகிற நாடாவும் அதைச் செலுத்துகிற கையும் புகையாய்க் கலைந்தன. பெரிய காமிராவின் ஒளியுணரி 36 மில்லிமீட்டருக்கு 24. சாதாரண செல்போனுடையது பரப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. சிநேகிதர் அகலத் திறக்கும் லென்ஸை மாட்டி, ஒரு வினாடியில் 250-ல் ஒரு பங்கு நேரத்தில் சொடுக்கினார். நாடா அந்தரத்தில் நின்றது.

ஆனால் அந்தப் படம் அட்டைக்குள் இருந்தது. என் புகைப்படம் அடுத்த நிமிஷமே சூரத்துக்குப் போய்விட்டது. உடனே அந்தப் பெண் கூப்பிட்டாள். "அப்பா ஏன் இப்படி இளைத்துவிட்டார்?" என்பதுதான் முதல் கேள்வி.

சாயங்காலம் வடலூருக்குப் போனோம். 1872-ல் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையின் முன்னால் நின்றபோது, வள்ளலாரை எட்டு முறை படமெடுத்தும் உடை மட்டுமே விழுந்தது என்று அன்பர்கள் சொல்லும் கதையை நினைவூட்டினேன். சிநேகிதர்கள் இருவரும் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பெரிய காமிராவின் படத்தை அச்சடித்துப் பெரியவருக்குத் தபாலில் அனுப்பினோம். கிடைத்ததும் டெலிபோனில் பேசினார். தம் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஊடை இழை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருக்கிறதே, ஐயா! மூன்றாவது கரைக்கு அருகில் ஓரிழை அறுந்திருக்கிறது. நெய்தபோது நான் கவனிக்கவேயில்லை" என்றார்.