நடப்பவர்கள் கணக்கு

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் சென்றார். மறுநாள் அந்தப் பாதை சிங்கப்பூர் கைக்கு வந்தது. உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு அது ரயில் காரிடார் ஆனது; ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், நாயோடு வருகிறவர்கள். நானும் அப்பாவும் அவ்வப்போது அங்கே நடப்போம்.

“இவ்ளோ செலவு பண்ணி வெச்சிருக்காங்க, இதுல என்னம்மா வருமானம்? எக்கனாமிக்ஸ் படிச்சவதானே, சொல்லு” என்றார் ஒருநாள்.

இதற்கென்று ஒரு வழிமுறை இருக்கிறது. முதலில் தலை எண்ண வேண்டும். பாதையோரக் கருவி ஆட்களை எண்ணாது, கடப்பதை எண்ணும். பாலம்வரை போய்த் திரும்புகிறவர் அதற்கு இரண்டு பேர். ஆகவே ஆளை நிறுத்திக் கேட்க வேண்டும்: எங்கிருந்து வருகிறீர்கள், இன்று எவ்வளவு செலவழித்தீர்கள்? அதைப் பெருக்கினால் ஒரு தொகை வரும். ஆனால் அந்தத் தொகை முழுவதும் புது வருமானம் இல்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லேண்ட்வரை கிரேட் அலெகெனி பாசேஜ் என்றொரு பாதை, சுமார் 240 கிலோமீட்டர். அதுவும் பெரும்பாலும் பழைய ரயில் தடம்தான். நிலக்கரியும் எஃகும் கைவிட்ட சிற்றூர்கள் வழியாகப் போகிறது. சைக்கிளில் வருகிறவர் இரவு தங்குகிறார், சாப்பிடுகிறார், டயர் மாற்றுகிறார். பாதை இல்லாவிட்டால் அந்தக் காசு அந்த ஊருக்கு வந்திருக்காது. அதில் ஒரு பங்கு சமையல்காரர் சம்பளமாகி, அவர் முடிவெட்டும் கடைக்குப் போய், ஊருக்குள்ளேயே இன்னொரு சுற்று சுற்றும். வெளியூர்ச் சரக்குக்குப் போகிற பங்கு ஒழுகிவிடும்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு இடிக்கிறது. தெம்பனிஸ்காரர் புக்கிட் தீமாவில் குடிக்கும் கோப்பியை, இந்தப் பாதை இல்லையென்றால் ஈஸ்ட் கோஸ்ட்டில் குடித்திருப்பார். கடைக்காரருக்கு லாபம், தீவுக்கு ஒன்றுமில்லை. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும்.

“அப்ப நான் சாப்பிட்ட பிராட்டா கணக்குலயே வராதா?”

“வராதுப்பா.”

இந்த நிலத்துக்கு ஏற்கெனவே வேறொரு கணக்கு போட்டாயிற்று. 2010 ஒப்பந்தத்தில் ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரினா சவுத், ஓஃபிர்-ரோச்சோர் பகுதிகளில் ஆறு மனைகள் கொடுத்து, அவற்றை இரு நாடுகளும் கூட்டாகக் கட்டின. மரினா ஒன், டுவோ கோபுரங்கள் அப்படி வந்தவை. அந்தக் கோபுரங்களின் வாடகையோடு ஒப்பிட்டால் எந்த நடைபாதையும் தோற்கும். பிராட்டா விற்பனையைக் காட்டி இதைக் காப்பாற்ற முடியாது.

வேறு முறை ஒன்றும் உண்டு என்று அப்பாவிடம் சொன்னேன். ஓரிடத்துக்கு வர மனிதர் செலவழிக்கும் நேரத்தையும் பஸ் காசையும் வைத்து அந்த இடத்தின் மதிப்பைக் கணிப்பது. அப்பா யீஷூனிலிருந்து வருகிறார். ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காவிட்டாலும் இதில் அவர் எண்ணப்படுவார்.

“இன்னும் தூரமா வீடு மாறிட்டா என் மதிப்பு கூடுமா?”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த முறையின் குறையையே அவர் பிடித்துவிட்டார். பக்கத்து புளோக்கிலிருந்து தினமும் நடந்து வரும் பாட்டி அந்தக் கணக்கில் மிகவும் மலிவு.

புக்கிட் தீமா நிலையத்தில் ரயில்வே ஊழியர் குடியிருப்பு இப்போது ஒரு கஃபே. அங்கே விற்கும் கோப்பி கணக்கில் வரும். ஓடும் ரயிலிலிருந்து டோக்கன் வளையத்தை எட்டி வாங்கிய கைகள் வரா. குவீன்ஸ்டவுன் பக்கம் தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் முனீஸ்வரனுக்கு இடம் வைத்தார்கள்; அந்தக் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. தடத்தில் உழைத்தவர்கள் விட்டுப்போன சொத்து என்றால் அதையும் சேர்க்கத்தானே வேண்டும்?

யாராவது கருத்தாய்வுப் படிவத்தோடு அந்தப் பாதையில் நின்றால், “எவ்வளவு செலவு?” என்பதற்குக் கீழே இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: “உங்கள் வீட்டில் யாராவது இந்தத் தடத்தில் வேலை செய்தார்களா?” அதைப் பெருக்க முடியாது, கூட்ட முடியாது. எழுதியாவது வைக்கலாம்.